முசேவும் ஆறடி நல்ல பாம்பும்

ஜூலை 8, திங்கள்
பாகூரில் நான் விளைவித்த நெல்லைப் பார்க்கக் கலெக்டரே வந்த கதையை முசேவிடம் சொன்னேன். வந்தது வேளாண்மை ஆபீஸ் ஜீப்புதான். பூனைக்கு அதெல்லாம் எதற்கு? முழுக்கக் கேட்டது. மகன் கோபிநாத்தும் மருமகள் பூர்ணிமாவும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். இந்த முதலியார்பேட்டையில் என் பேச்சை எழுந்து போகாமல் கேட்பது அது ஒன்றுதான். நிலத்தை விற்றுவிட்டு வந்தபோது மோட்டார் கொட்டகையிலிருந்து நான் கொண்டுவந்ததும் அதை மட்டும்தான். முசே என்றால் பிரெஞ்சுக்காரத் துரை. அந்த மாதிரி நடை. பேரும் அதுதான்.

"யாரையாவது கடிச்சுதுன்னா அன்னிக்கே தட்டாஞ்சாவடி பக்கம் கொண்டுபோய் விட்டுடுவேன் மாமா" என்றாள் பூர்ணிமா.

"புலியையே பழக்கினவன்மா நானு."

ஜூலை 10, புதன்
கடித்துவிட்டது. தூங்குகிற பூனையின் வாலை மிதித்தது நான்தான். கணுக்காலில் இரண்டு பல். முசேவை ரூமில் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே வந்தால் எதிரே கோபிநாத்.

"என்னாப்பா இது ரத்தம்?"

காட்டிக் கொடுப்பேனா? "ரூம்ல பாம்புடா" என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். "ஆறடி நல்ல பாம்பு. வாலைப் புடிச்சு சுழட்டினேன் பாரு!"

பெரிய ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

ஜூலை 11, வியாழன்
நர்ஸிடம் பேனா வாங்கி எழுதுகிறேன். ஓயாமல் ரத்தம் எடுக்கிறார்கள். பாம்பு எட்டடி ஆகிவிட்டது. பக்கத்துக் கட்டில் ஹாஜா பாய் கேட்டார், சொன்னேன். "எட்டடி பாம்பு கடிச்ச ஆளு ஆறாவது இட்லி கேக்குறீரே" என்கிறார்.

முசே?

சாவி என் இடுப்பில். பாம்புக்குப் பயந்து பூர்ணிமா அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பூட்டின ரூம்ல தண்ணிகூட இல்லியே அதுக்கு — நான் என்னா மனுசன்?

சொன்னால் தட்டாஞ்சாவடி. சொல்லாவிட்டால் செத்துப்போகும்.

சொல்லிவிட்டேன். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். கோபிநாத் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

ஜூலை 12, வெள்ளி
முசே உயிரோடு இருக்கிறது. இப்போது எனக்கு வெறிநாய்க்கடி ஊசி; பூனைக்கடிக்கும் அதுதானாம். இன்னும் பாக்கி இருக்கிறதாம். டாக்டரம்மா பூர்ணிமாவிடம் சொன்னார்: "பூனைய எங்கயும் விட்டுடாதீங்க. நல்லா சாப்பிடுதா, நடமாடுதான்னு நான் சொல்ற வரைக்கும் கவனிக்கணும். அதுக்கு எதாவது ஆச்சுன்னா உடனே வந்து சொல்லணும்."

பூர்ணிமா என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

ஜூலை 15, திங்கள்
வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆபீஸிலிருந்து பூர்ணிமா போன். "சாப்பிட்டாச்சா மாமா?"

"ஆச்சும்மா. சாம்பார்தான்—"

"பூனையக் கேட்டேன்."

ஜூலை 24, புதன்
கவனித்தது போதும், பூனைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இனி அதை யாரும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தட்டாஞ்சாவடி இருக்கவே இருக்கிறது.

பூர்ணிமா வந்ததும் இத்தனை நாள் பூனைக்காகச் சாத்தியிருந்த கதவுகளைத் திறந்துவிட்டாள். விளக்கு வைக்கும் நேரத்தில் பூனையைத் தேட ஆரம்பித்தாள். கட்டிலடியெல்லாம் குனியாமலே பார்த்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். "முசே... முசே..." தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

அது என் கட்டிலுக்கடியில்தான் படுத்திருந்தது. உடனே சொல்லியிருக்கலாம். இன்னும் ரெண்டு தரம் கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டேன்.