பிரெஞ்சு நாவலும் ‘வீட்டுல’யும்

புரட்டாசி இரண்டாம் சனி, இரவு.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் கோயில் கூட்டத்துக்கு நடுவே செல்வியைப் பார்த்தேன். கல்லூரிக் காலத்தில் ராஜபாளையம் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து, தமிழில் வந்த பிரெஞ்சுப் பெண்ணிய நாவல் ஒன்றை ஆளுக்கொரு பக்கமாக வாசிப்போம். பிரெஞ்சில் பெண்ணுக்கும் மனைவிக்கும் ஒரே சொல்தான் என்று அதன் முன்னுரையில் இருந்தது. கதாநாயகியைவிடச் செல்விக்குத்தான் கோபம்.

“நம்மூர்ல பொண்டாட்டிக்கு அந்தச் சொல்லும் கிடையாதுட்டி. ‘வீட்டுல’ன்னுதான் சொல்லுதாவ. என்னைய ஒருத்தன் அப்படிச் சொல்லட்டும், பாரு!”

இன்று அவள் கணவர் பக்கத்தில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். “செத்த இருங்க, வீட்டுல குடுக்கேன்” என்று போனை அவளிடம் நீட்டினார். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

செல்வி போனை வாங்கினாள். “வீட்டுல யாரும் இல்லண்ணே. நான் செல்வி. பஸ் ஸ்டாண்டுல நிக்கேன்.”

அவர் திருதிருவென்று விழித்தார். நாங்கள் அந்தப் பழைய சீட்டில் உட்கார்ந்து சிரித்ததுபோலவே சிரித்தோம்.

இவர் தூங்கிவிட்டார். இவருடைய போனில் என் பெயர் ‘வீடு’. போன் சார்ஜில் கிடக்கிறது. லாக் நம்பர் எனக்குத் தெரியும்.