ஆட்டுக்கு அடித்த அலாரம்

அன்புள்ள சங்கரேஸ்வரிக்கு,

நீயும் அபிநயாவும் சுகமா? இலஞ்சியில் சாரல் தொடங்கிவிட்டதா? இங்கே வெயில்தான்; நான் நன்றாக இருக்கிறேன்.

முந்தாநாள் கேம்ப்பில் காவல் நின்ற புது சிப்பாய் அலாரம் அடித்துவிட்டான். எல்லோரும் துப்பாக்கியோடு ஓடினால், வேலியோரம் ஓர் ஆடு! பயப்படாதே, சிரித்துக்கொண்டேதான் திரும்பினோம். அவனை யாரும் பொய்யன் என்று சொல்லவில்லை. பதற்றப்படாமல் பார்ப்பது எப்படி என்று சுபேதார் மறுபடி சொல்லிக்கொடுத்தார்.

நான் ஊரிலிருந்து திரும்பிய பிறகு தென்காசி டாக்டரம்மா அபிநயாவிடம் சொன்னதாக நீ எழுதியிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "வலி நெசந்தான் பாப்பா. ஆனா வயித்துல புண்ணு இல்ல. மூளைதான் சும்மா சும்மா அலாரம் அடிக்குது. மெதுவா மூச்சு விட்டு, ஆபத்து இல்லன்னு அதுக்குச் சொல்லிக்குடு."

லீவில் வந்தபோது நான் என்ன சொன்னேன்? "ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு போட்டிருக்குல்லா? நடிக்காதட்டி!" என்று பள்ளிக்கு இழுத்துப்போனேன். மறுநாளிலிருந்து அவள் வலி என்று வாயே திறக்கவில்லை. மிலிட்டரி வைத்தியம் என்று குற்றாலத்தில் உன் அண்ணனிடம் பெருமையடித்தேன். அருவிக்கரையில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குளிர் என்று நினைத்தேன்.

அடுத்த பார்சலில் நார்த்தங்காய் ஊறுகாய் வை. எங்கே வலிக்கிறது என்று அவளை ஒரு படம் வரையச் சொல்லி, அதையும் வை. அப்பா நம்புகிறார் என்று சொல்.

விசில் ஊதிவிட்டார்கள். வரைய மாட்டேன் என்றால் வற்புறுத்தாதே. வெற்றுத்தாளையே அனுப்பிவிடு.

மணிமுத்து