துடைக்காத ஜன்னல்

செப்டம்பர் 2, செவ்வாய்

காலை. அம்மா ஜன்னல் விளிம்பைத் துடைக்கிறாள். துணி கறுப்பு. அலசுகிறாள். மறுபடியும் துடைக்கிறாள். நடுவில் நின்று மூச்சு வாங்குகிறாள். அதில் மெல்லிய விசில் சத்தம். தினமும் அதைக் கேட்டுத்தான் எழுகிறேன்.

ஐந்தாவது மாடி. கீழே சுங்கை பினாங் ஆறு, அக்கரையில் நிலக்கரிக் கிடங்கு. கப்பலில் வருவதைக் கொண்டுவந்து திறந்தவெளியில் குவிக்கிறார்கள். காற்றடித்தால் எங்கள் புளோக்கில் வந்து படிகிறது. ஆண்டு முடிவில் கிடங்கின் அனுமதி முடிகிறது. குவியலைத் தார்ப்பாயால் மூடட்டும், இல்லையென்றால் அனுமதியைப் புதுப்பிக்கக் கூடாது. சுற்றுச்சூழல் துறைக்கு இப்படி மனு எழுதியது நான். இன்று பதில் வந்தது: 12ஆம் தேதி அதிகாரிகள் நேரில் வந்து தூசியைப் பார்ப்பார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். “ஐயோ, வீட்டுக்குள்ளயும் வருவாங்களா?” என்றாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கீழ்த்தளத்தில் குடியிருப்பாளர் கூட்டம். தலைவர் தங்கராஜு அண்ணன். பழைய பஸ் டிரைவர், மைக் தேவைப்படாத குரல். “நம்ம கோகிலன் தம்பி பேசுவாரு, படிச்சவரு!” நான் காற்றின் திசை பற்றிப் பேசினேன். யாரோ கொட்டாவி விட்டார்கள்.

பக்கத்து வீட்டு சலேஹா அக்கா எழுந்தார். அவர் மகன் இர்வான் அந்தக் கிடங்கில்தான் லோரி ஓட்டுகிறான்.

“எங்க வீட்டுக்குச் சோறு போடுறது அந்தக் கரிதான் லா. ஆனா தொழுவுற வெள்ளைத் துணியக் காயப்போட்டா கறுத்துப்போவுது. குவியல மூடி வச்சா இவனுக்கு வேலை போயிடுமா என்ன? மூடச் சொல்லுங்க.”

இர்வான் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 9

கரி எங்கிருந்து வருகிறது என்று இர்வானைக் கேட்டேன். இந்தோனேசியாவில் கலிமந்தான் என்றான். தோண்டித் தோண்டி அங்கே ஒரு மலையே இல்லாமல் போயிருக்கிறதாம். அங்கும் யாரோ ஜன்னல் துடைக்கிறார்களா?

செப்டம்பர் 11, வியாழன்

வேலை முடிந்து வந்தால் படிக்கட்டில் தண்ணீர் வழிகிறது. சோப்பு வாசனை. கோத்தோங் ரோயோங், கூட்டுத் துப்புரவு. புளோக்கே கூடிக் கழுவியிருக்கிறது. சுவர், கம்பி, தாழ்வாரம், நிறுத்தியிருந்த கார்கள்கூட. பக்கத்துத் தொழுகைக்கூடமான சூராவிலிருந்து நீளமான பைப்பை இரவல் வாங்கி, கால்சட்டையை மடித்துவிட்டு நிற்கிறார் தங்கராஜு அண்ணன்.

“எப்படி தம்பி? பளபளன்னு இல்ல?”

“அண்ணே, அவங்க பாக்க வர்றதே அந்தத் தூசியைத்தானே!”

அவர் முகம் — எழுத முடியவில்லை. பைப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

“பெரிய ஆளுங்க வர்ற இடம்... அப்படியேவா விடுறது?”

மேலே ஓடினேன். விளிம்பு வெள்ளையாக இருந்தது. அம்மா நாற்காலியில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். எல்லாத்தையும் கெடுத்துட்டியேம்மா, எத்தன மாசமா அலையிறேன், உனக்காகத்தானே —

“அழுக்குப் புடிச்சவங்கன்னு நம்மளத்தானேடா சொல்லுவாங்க.”

கழுவாதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றே தோன்றவில்லை. கரி அவர்களுடையது. வெட்கம் மட்டும் எப்படி எங்களுடையதானது?

செப்டம்பர் 12, வெள்ளி

இரண்டு அதிகாரிகள். கம்பியைத் தடவினார்கள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. “சுத்தமாக வைத்திருக்கிறீர்கள்,” என்றார் ஒருவர் மலாயில், பாராட்டாகவே. தங்கராஜு அண்ணன் தலை குனிந்துகொண்டார்.

மற்றவர், ஒரு பெண் அதிகாரி, படியில் நின்று சொன்னார்: இன்னொரு முறை வருவோம். நாள் சொல்ல மாட்டோம்.

செப்டம்பர் 14

அம்மா என்னோடு பேசவில்லை. நானும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கூட்டம். அவர்கள் வரும்வரை வெளிப்பக்கத்தை யாரும் கழுவுவதில்லை என்று முடிவு.

“தீபாவளி வருதே,” என்றது ஒரு குரல்.

தங்கராஜு அண்ணன் தொண்டையைச் செருமினார். “தீபாவளிக்கும்தான். எம் பொண்டாட்டி வீட்ட விட்டுத் தொரத்துவா. பரவால்ல, சூராவ்ல படுத்துக்கிறேன்.”

“மொதல்ல அவங்க பைப்பைத் திருப்பிக் குடுங்கண்ணே,” என்றார் சலேஹா அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

அக்டோபர் 8

அம்மாவின் கை ஜன்னல் பக்கம் போகிறது. பாதியில் திரும்புகிறது. துணியை மடித்து வைக்கிறாள். எடுக்கிறாள். வைக்கிறாள்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

வீட்டுக்குள் எல்லாம் புதிது. வெளியே கறுப்புப் படலம். தாழ்வாரம் முழுக்க வந்தவர்களின் செருப்புத் தடங்கள்.

கூலிமிலிருந்து சித்தி வந்தாள். முறுக்கைக் கடித்தபடியே ஜன்னலைப் பார்த்தாள். “என்னக்கா, நல்ல நாளும் அதுவுமா... வீட்டுல ஒரு துணி கெடைக்கலையா?”

அம்மா தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“அது எங்க அழுக்கு இல்லடி. நீயும் நல்லாப் பாத்துட்டுப் போ.”

பிறகு சமையலறைக்குள் போய் நெடுநேரம் இருந்தாள். இருமல் கேட்டது. இருமல் மட்டும்தானா?

அக்டோபர் 23

மருத்துவமனை. அம்மா முகத்தில் மருந்துப் புகை வரும் மூடி. இப்போதைக்கு அந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டாம் என்கிறார் டாக்டர்.

நாங்கள் துடைக்காமல் விட்டதுதான் அவள் மூச்சுக்குள் போனதா? டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயம்.

அக்டோபர் 28, செவ்வாய்

வந்தார்கள். அதே பெண் அதிகாரி. தாழ்வாரம், கம்பிகள், கடைசியில் எங்கள் ஜன்னல். விளிம்பில் விரல் வைத்தார். அந்த விரலையே சற்று நேரம் பார்த்தார். தூசியைச் சுரண்டிச் சின்னப் பையில் போட்டுக்கொண்டார்.

இங்கே யார் இருக்கிறீர்கள்? நானும் அம்மாவும். அம்மா எங்கே? சொன்னேன்.

கை துடைக்க ஏதாவது கேட்டார். அம்மாவின் துணியைக் கொடுத்தேன்.

டிசம்பர் 19, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. கிடங்கை மூடவில்லை. அனுமதி ஆறு மாதத்துக்கு மட்டும். குவியல்களை மூட வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், மறுபடியும் வந்து பார்ப்பார்கள். தங்கராஜு அண்ணன் எல்லாருக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் வாங்கிக் கொடுத்தார். “பாதி ஜெயிச்சிட்டோம் தம்பி!”

எந்தப் பாதி?

லிஃப்டில் இர்வான். “லோடு ஏத்துனா தார்ப்பாய் கட்டணுமாம். முதுகு போவுது, எல்லாம் உன்னாலதான்.” தோளில் தட்டினான். கோபமா, கிண்டலா, தெரியவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

அம்மா கூலிமில், சித்தி வீட்டில். ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாள். சாப்பிட்டாயா என்பதற்கு முன்பே, “தொடச்சியா?”

இன்று போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே துடைத்தேன்.

“என்ன கலரு?”

வெள்ளை என்றால் நாளைக்கே பஸ் ஏறிவிடுவாள். துணியை வெளிச்சத்தில் பிடித்தேன்.

“சாம்பல்மா.”

மறுமுனையில் மூச்சு. கூர்ந்து கேட்டேன். விசில் இல்லை.

“அப்ப இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கேன்.” பிறகு, “அந்தத் துணிய வெந்நீர்ல அலசி வையி. வந்து நானே தொடச்சுக்கிறேன்.”

அலசினேன். வெளியே கொடியில் போடப் போனேன். திரும்பி வந்து வீட்டுக்குள் காயப்போட்டேன்.