வலது கையை யார் நீட்டுவது

மே 27, செவ்வாய்

கத்திரி வெயில். ஜன்னலை மூடியும் தோல் பதனிடும் டேனரி நாற்றம். அண்ணனின் வலது கைக்கட்டைப் பிரித்து மருந்து வைத்தேன். மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஆறு வாரம் ஆகியும் என் கண் அங்கே விரல்களைத் தேடுகிறது.

சபையிலிருந்து ஓர் அத்தை வந்தார். ஜெபம். போகும்போது வாசலில் என்னிடம், "வலது கை பாவம் செய்ய வச்சா வெட்டிப் போடணும்னு இயேசுவே சொல்லியிருக்காரு தம்பி. கர்த்தருக்குத் தெரியாம இன்னா நடக்கும்?"

அவர் கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் தெருவில் எறிந்தேன். சாம்பார் சாதம். நாய் தின்றது.

மே 29, வியாழன்

சாதிக் வந்தான். ஈரத்தோல் பிழியும் உருளை மிஷினில் அண்ணன் கை போனபோது பக்கத்தில் நின்றவன்.

"கை உள்ள போவாம முன்னாடி கம்பி இருக்கும்ல, அத மானேஜர்தான் கழட்டச் சொன்னாரு தோஸ்த். கம்பி இருந்தா வேலை கம்மியா ஆவுதாம்."

மானேஜர் = தேவதாஸ். எங்கள் சபைக் கமிட்டியில் ஒருவர். போன ஞாயிறு வேதபாடம் வாசித்ததும் அவரே. சாதிக் போன பிறகும் ஒரே படம்: அவர் தலையை அந்த உருளைக்குள் கொடுத்து ஸ்விட்சைப் போடுகிறேன்.

மத்தேயு 5. மூன்று தடவை படித்தேன். கையை வெட்டு, மறு கன்னத்தைக் காட்டு, சத்துருவை நேசி. எல்லாம் ஒரே அதிகாரத்தில். யாருக்குச் சொன்னது? அடிப்பவனுக்கு ஒரு வரிகூடவா இல்லை?

மே 31, சனி

இருக்கிறது. அதே அதிகாரம், வசனம் 23, 24. உன்மேல் ஒருவனுக்குக் குறை இருந்தால் காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு, முதலில் நீ அவனிடம் போ. அண்ணனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அடிக்கோடு போட்டதில் தாள் கிழிந்தது.

நாளை திருவிருந்து. பகையோடு யாரும் அப்பம் வாங்கக் கூடாது, அதற்கு முன் கைகொடுத்துச் சமாதானமாக வேண்டும். சபை வழக்கம். பாஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

"நாளைக்கு எல்லார் முன்னாடியும் தேவதாஸுக்குக் கை குடுத்துடுப்பா."

"தப்பு செஞ்சவருதானே ஐயா எங்க வீட்டுக்கு வரணும்? வசனம் அப்படித்தான் இருக்கு."

"வசனத்த எனக்கே சொல்லித் தர்றியா? மன்னிச்சிடு, போ."

அண்ணன் வரமாட்டானாம். "வலது கைய மேல வச்சுதான் அப்பம் வாங்கணும். நான் எத வைக்கிறது?"

ஜூன் 1, ஞாயிறு

மழை இருட்டு. பெய்யவில்லை.

கொடுத்தேன். தேவதாஸ் சிரித்துக்கொண்டே கை நீட்டினார். பிடித்தேன், விடவில்லை. ஷூ கம்பெனியில் நாளெல்லாம் தோலை இழுக்கிற கை என்னுடையது. அவர் விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நசுக்கினேன். உள்ளே ஏதோ மளுக்கென்றது. "விடுப்பா... ஐயோ, விடு." என் காதுக்கு மட்டும் கேட்டது. அவர் முழங்கால் மடங்கியது, கண்ணில் தண்ணீர்.

பின்னாலிருந்து அதே அத்தை. "ஸ்தோத்திரம்! கல்லு மனசக் கர்த்தர் எப்படி ஒடைக்கிறாரு பாரு!" சபை முழுக்க ஸ்தோத்திரம். பாஸ்டரும் கண்ணைத் துடைத்தார்.

அப்பம் வாங்கினேன். வாயில் போடவில்லை. கைக்குட்டையில் மடித்து அண்ணனிடம் கொண்டுவந்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"எந்தக் கை?"

"வலது."

சிரித்தான். ஆறு வாரத்தில் முதல் தடவை. பிறகு சிரிப்பு நின்றது.

"அப்போ வசனப்படி, இப்ப நீதான்டா அவர் வீட்டுக்குப் போவணும்."

அப்பம் மேஜைமேல். இருவரும் தொடவில்லை.