இரண்டு ஜிபி தாராளம் என்றாய்

கேப் கோஸ்ட்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கோபினா அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. மறுபடி கெங்கே சோள உருண்டை அவித்து விற்கிறாள். போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

ஆசிரியப் பயிற்சி நுழைவுத் தேர்வு போய்விட்டது என்று உனக்குத் தெரியும். வீட்டிலிருந்தே எழுதும் தேர்வு. கேமரா முழு நேரமும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பத்தொன்பதாவது கேள்வியில் திரை அப்படியே நின்றது. மறுபடி உயிர் வந்தபோது நேரம் முடிந்திருந்தது. அழுதுகொண்டே உன்னிடம் சொன்னேன். "கண்டதையும் திறந்து வெச்சிருப்ப, மெஷின் என்னடி பண்ணும்? வீட்டுல டைப் அடிக்கிறதுக்கு ரெண்டு ஜிபி மெமரி தாராளம்" என்றாய். நம்பி, என்னையே திட்டிக்கொண்டேன்.

நேற்று கம்ப்யூட்டரைச் சுமந்துகொண்டு சந்தைக்குப் போனேன். பழுது பார்க்கும் ஏவுசியிடம், இந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு மெமரி எவ்வளவுதான் வேண்டும் என்று கேட்டேன். "வெறும் டைப்புக்கு ரெண்டு போதும் தங்கச்சி. கேமரா, இன்டர்நெட் எல்லாம் சேர்ந்தா நாலு. இந்தக் கிழவனுக்கு எட்டு போடணும்னு எவனாவது சொன்னா, அவன் கல்லாவ நிரப்புறான்" என்று சிரித்தார். மூடியைக் கழற்றியதும் சிரிப்பு நின்றது. "மெமரி ரெண்டு துண்டுல்ல இருக்கணும்? ஈஸ்டர் லீவுல உங்கண்ணன் இதோட ஜோடியக் கொண்டாந்து, அவன் கம்ப்யூட்டர்ல மாட்டித் தரச் சொன்னானே!"

கடல் தாண்டி வரும் பெட்டியை மூத்த மகன்தான் திறக்க வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். ஆம்ஸ்டர்டாம் மாமா என் பெயர் எழுதி இந்தக் கம்ப்யூட்டரை அனுப்பிய பெட்டியையும் நீதான் கதவைச் சாத்திக்கொண்டு திறந்தாய். நான் வெளியே உனக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னதில் பாதி உண்மை. அதுதான் எரிகிறது. எவ்வளவு தேவை என்று உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, தெரிந்துதான் எடுத்தாய். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்க வேண்டிய ஆளாகக்கூட நான் உனக்குப் படவில்லை.

துண்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஏவுசி தன்னிடமிருந்த பழையது ஒன்றை மாட்டிவிட்டார், நன்றாக ஓடுகிறது. தேர்வுதான் இனி அடுத்த வருடம்.

"என் மகளுக்கு மண்டையில் ஒன்றும் ஏறாது" என்று அம்மா கெங்கே வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். நீ எடுத்ததை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வழக்கம்போல உனக்கு போன் போடுவாள். என் பேச்சை எடுப்பாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். அவளிடம் நீயே சொல், அண்ணா.

அக்ராவில் வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
அராபா