மலைக்காற்று

மதினி,

பாயசத்துக்கு ஏலக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டுப் பால் காய்ச்சப் போனேன். திரும்பி வந்தால், நாற்பதை நெருங்கிப் பெற்ற என் கடைக்குட்டி அத்தனையையும் தரையில் அடுக்கியிருந்தான். சிறியதிலிருந்து பெரியது வரை, காம்பெல்லாம் ஒரே பக்கம். கூப்பிட்டேன், நிமிரவில்லை. வீடு முழுக்க அந்த வாசம். உங்கள் மகளும் இப்படித்தான் அடுக்குவாள்.

வெள்ளைக்காரர்கள் இன்னும் போகாத காலம். நான் பள்ளிக்கூடத்துச் சிறுமி. கம்பத்தில் எங்கள் வீட்டுக்கு என் அண்ணன் மனைவியாக வந்த உங்களுக்குத் தாய்வீடு மேலே மலையில், குமுளியில். மகளைச் சுமந்திருந்தபோது ஒருமுறை போய் உங்கள் அம்மாவைப் பார்த்து வந்தீர்கள். நாலு வயதாகியும் அவள் பேசவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை என்றதும் எங்கள் வீட்டில் காரணம் கிடைத்துவிட்டது.

"மாசமா இருக்கையில மலையேறாதன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். மலைக்காத்து புள்ளைய அண்டிருச்சு," என்பார் என் அம்மா.

"அப்ப மலையில பெறக்குற புள்ளையெல்லாம் ஊமையா அத்தை? எங்காத்தா வாயத் தெறந்தா நீங்க காதப் பொத்திக்கிட்டு ஓடுவீக," என்றீர்கள் ஒருநாள். நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

அடுத்த பிள்ளை உண்டானபோது நீங்களே பயந்துவிட்டீர்கள். உங்கள் அம்மா படுக்கையில் விழுந்துவிட்டதாக ஏலக்காய் மூட்டை கொண்டுவந்தவர் சொன்னார். வாசலில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "இந்தப் புள்ளைக்கும் ஏதாச்சும் ஆயிட்டா?" என்றீர்கள். போகவில்லை. பிறகு போவதற்கு உங்கள் அம்மா இல்லை.

என் மகனுக்கு ஆட்டிசம் என்றார் மதுரை டாக்டர். பிறக்கும் முன்பே மூளையில் அமைந்துவிடுகிறதாம். தாய் செய்த தவறால் வருவதில்லையாம். சில குடும்பங்களில் தொடர்வதுண்டாம்.

"இவனுக்கு ஏன் வந்துச்சு டாக்டர்?"

"அது இன்னும் யாருக்கும் தெரியாதும்மா."

அந்தத் 'தெரியாது' எவ்வளவு இதமாக இருந்தது! என் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

இவனைச் சுமந்தபோது நான் மலைப்பக்கம் போகவே இல்லை, மதினி. ஒருவேளை இது எங்கள் வீட்டு ரத்தத்திலேயே இருந்திருக்கலாம். இதைக் கேட்க நீங்கள் இருந்திருக்க வேண்டும். கேட்டுவிட்டு, ஒரே ஒருமுறையாவது குமுளிக்கு வண்டி ஏறியிருக்க வேண்டும்.

மகளின் முகத்தை நீங்கள் பிடித்துத் திருப்பியதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வரிசையின் கடைசியில் ஒரு ஏலக்காயை வைப்பீர்கள். "அவளா வரட்டும்த்தா," என்று என்னையும் உட்காரச் சொல்வீர்கள்.

இன்று நானும் ஒன்றை வைத்தேன், காம்பை மாற்றி. வெகுநேரம் கழித்து ஒரு சின்ன விரல் வந்து அதைத் திருப்பி வைத்தது. அடுப்பில் பால் பொங்கி வழியும் சத்தம் கேட்டது. நான் எழவில்லை.