துறையூர் போய்வந்த பங்குனி

திட்டும்போதுகூட ‘தங்கம்’ என்று சேர்த்தே திட்டிய என் அம்மாவுக்கு,

நீ கண்ணை மூடி இந்தச் சித்திரையோடு இரண்டு வருசம். நாங்கள் சுகமாகத்தான் இருக்கிறோம். தம்பி முருகேசு கொட்டகலைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். உயரத்தில் அப்பாவைத் தாண்டிவிட்டான். எனக்கு இப்போது பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகிற பதினாறு பிள்ளைகளோடு பகலெல்லாம் மல்லுக்கட்டுகிறேன். லயத்து வரிசை வீடுகளில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருகிறார்கள். வந்த அன்றைக்கே படித்துச் சொல்லிவிடுகிறேன், ஒரு நாள்கூட வைத்திருப்பதில்லை.

உனக்குத் தெரியாத ஒரு சங்கதி நடந்திருக்கிறது. நம் தோட்டத்து ஆட்களில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று இரண்டு நாட்டுப் பெரியவர்களும் பேசிப் பிரித்துவிட்டார்கள். அப்பா இந்தியாவுக்கே எழுதிக் கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மனு எழுத வேண்டும். எழுதப் போகிறவள் நான்தான். தம்பி யாரோடும் பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான்.

“எனக்கு மட்டும் போக ஆசையா?” என்று அப்பா நேற்று அவனிடம் கத்தினார். “உங்கம்மா அன்னைக்கு நேர்த்திக்கடன் நேர்த்திக்கடன்னு ஒத்தக்கால்ல நிக்காம இருந்திருந்தா, விசாரணைக்குப் போயிருப்போம், இங்கயே பிரஜா உரிமையும் கெடைச்சிருக்கும்.”

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை, அம்மா. ஆனால் சும்மாதான் இருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பங்குனி உனக்கு நினைவிருக்கிறதா? தம்பிக்கு மூன்று வயது. காய்ச்சலில் கிடந்தவன் பிழைத்தால் துறையூரில் குலசாமிக்கு முடி இறக்குகிறேன் என்று நீ வேண்டிக்கொண்டாய். அதற்காக வளர்த்த முடியை இரட்டைச் சடையாகப் பின்னிவிடுவாய்; அவனைப் பெண் பிள்ளை என்று நினைத்துக் கொஞ்சாத ஆள் லயத்தில் இல்லை. கொழுந்து கூடுகிற நேரத்தில் லீவா என்று கங்காணி முறைத்தார். “நீங்க லீவு குடுக்காட்டி சாமிக்கு நீங்களே பதில் சொல்லிக்கிங்க” என்று நீ கூடையை இறக்கி வைத்தாய்.

போகிற வழியில் றொசல்லையில் சித்தி வீட்டில் ஒரு நாள் தங்கினோம். பிறகு ரயில், பிறகு கப்பல். அப்பா வாந்தி எடுத்து ஒரு மூலையில் சுருண்டுவிட்டார். நீயோ கம்பியைப் பிடித்துக்கொண்டு, “எம்புட்டுத் தண்ணி! இதுல பாதி நம்ம பீலிக் குழாய்க்கு வந்தா வரிசையில நிக்க வேண்டாமே” என்றாய். “உப்புத் தண்ணிடி அது” என்று அப்பா முனகினார். நாம் இறங்கின தனுஷ்கோடி இப்போது இல்லை, அம்மா. போன மார்கழியில் புயலடித்துக் கடல் கொண்டு போய்விட்டது. தம்பியை நீ இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அந்த ஸ்டேசனும் போய்விட்டதாம்.

துறையூரில் மாமா வீட்டு வாசலில் நின்றது எனக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஏழு வயதில் அவரை விட்டு இங்கே வந்தவள் நீ. வெளியே வந்தவர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “யாரும்மா? யாரைப் பாக்கணும்?” என்றார்.

“ஒன்னயத்தாண்ணே” என்றாய். கொழுந்துக் கூடையோடு மலையேறுகிற நீ அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

மாமா மடியில் உட்கார்த்தித் தம்பிக்கு முடி இறக்கிக் காதும் குத்தினார்கள். அதற்கு நாலாம் நாள் நான் பெரியவளானேன். மாமா தன் கையால் பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்டினார், சீர்ச் சேலை எடுத்து வந்தார். “பாத்தியா, மாமன் கையால சீரு வாங்கணும்னே சாமி நம்மள இழுத்தாந்திருக்கு” என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாய். அத்தனை சந்தோசமாக உன்னை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

நாம் திரும்பி வந்த பிறகு, ஆவணியில் ஒரு கடிதம் வந்தது. குறித்த நாளில் கண்டிக்கு விசாரணைக்கு வராததால் நம் பிரஜா உரிமை மனுவைத் தள்ளிவிட்டார்களாம். நாம் ஊரில் இல்லாதபோது அழைப்பு வந்து தொலைந்திருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அதிலிருந்து துறையூர்ப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாய். கடைசியாகப் படுத்திருந்தபோதும், “என் நேர்த்திக்கடன்தான் வினையா வந்துச்சு, தங்கம்” என்றாய். நான் உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். ஊட்டி முடித்துப் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டேன்.

அந்த அழைப்பு தொலையவில்லை, அம்மா. நாம் புறப்படுவதற்கு நாலு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. தோட்டத்துத் தபால்காரர் லயத்துக் கடிதங்களைப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளிடம்தானே கொடுத்தனுப்புவார்? அன்றைக்கு என்னிடம் கொடுத்தார். வழியிலேயே பிரித்துப் பார்த்தேன். இங்கிலீசில் இருந்தது, அப்பா பெயரும் கண்டியும் தேதியும் எனக்குப் புரிந்தன. நாம் துறையூரில் இருக்க வேண்டிய நாள் அது. கொடுத்தால் பயணம் நின்றுவிடும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் போகாவிட்டால் மறுநாள் போவதில்லையா, அப்படி இன்னொரு நாள் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். கிழித்து லயத்துக்குப் பின்னால் கானில் ஓடுகிற சாக்கடைத் தண்ணீரில் போட்டேன். பன்னிரண்டு வயதில் எனக்குக் கப்பலும் கடலும்தான் பெரிதாகத் தெரிந்தன.

நீ இருந்தபோது ஏன் சொல்லவில்லை? பயம். அடிக்குப் பயமில்லை, நீ என்னைத் தங்கம் என்று கூப்பிடுவதை விட்டுவிடுவாயோ என்று பயம். இப்போது சொல்கிறேனே, கேட்கிறதா உனக்கு?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த அழைப்புக் கடிதம் மறுபடியும் என் கைக்கு வந்தால் கிழிக்காமல் இருப்பேனா என்று பல நாள் யோசித்துவிட்டேன். தம்பி முகத்தைப் பார்த்தால் கிழிக்க மாட்டேன் என்று தோன்றுகிறது. நீ மாமா வாசலில் உட்கார்ந்ததை நினைத்தால் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று செய்வேன். ஞாயிற்றுக்கிழமை பேனாவை எடுக்கும் முன் அப்பாவையும் தம்பியையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அடித்தாலும் சரி, தம்பி என்னோடு பேச்சை விட்டாலும் சரி. போகிறோமோ இருக்கிறோமோ, இனி உன் நேர்த்திக்கடனை இந்த வீட்டில் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். இது சத்தியம், அம்மா.

இன்னமும் உன் தங்கமாக இருக்க ஆசைப்படுகிற
உன் மூத்த மகள்,
பாக்கியம்